குடுமி இல்லாத ஐந்து வெள்ளைச் சேவல்கள்

ஆரிஃபாவைக் கோழிக்காரி என்று ஒரு சொல்லில் முடிக்கிறவர்களுக்கு அவளைத் தெரியாது. காஜாப்பேட்டையில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவளும் அவள் கோழிகளும். பதினெட்டு வருடம் அப்படி இருந்தோம். அதனால் நான் சொல்வதுதான் சரி. வேறு யாராவது வேறு மாதிரி சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

அவள் புருஷன் ரசூல், பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் ஒரு காய்ச்சல், ஒன்பதாம் நாள் ஆள் இல்லை. பிள்ளையும் கிடையாது. புருஷன் போனவர்கள் வீட்டோடு இருக்கிற நாலு மாதம் பத்து நாள் இத்தாவை முடித்த மறுநாளே ரசூலின் அண்ணன் தாஜுதீன் வந்து வாசலில் நின்றார். பெரிய கடை வீதியில் பாத்திரக் கடை வைத்திருந்தவர். நல்ல மனிதர்தான், ஆனால் தான் சொன்னதுதான் நடக்க வேண்டும் என்பார்.

“வீட்டைப் பூட்டிச் சாவியக் கொடு. நம்ம வீட்டுக்கு வந்துடு. தனியா ஒரு பொம்பளை இருந்தா ஊரு என்னைத்தான் கேட்கும்.”

“என் கோழியெல்லாம் எங்கே போகும், பெரிய மச்சான்?”

“குழம்புக்குப் போகும்.”

தாஜுதீன் வீட்டில் அப்போதே பதினோரு பேர். அங்கே போனால் அடுப்படிதான் அவளுக்கு உலகம் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவர் போனதும் ஆரிஃபா சுவருக்கு மேலே தலையை நீட்டி என்னைக் கூப்பிட்டாள். “அக்கா, உங்க ஊரு முனிக்கு வெள்ளைச் சேவல் கிடைக்கலைன்னு சொன்னீங்களே, அது இன்னும் கிடைக்கலையா?”

என் பிறந்த ஊர் கொள்ளிடத்துக்கு வடகரையில். அங்கே முனியப்பனுக்கு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை சித்திரையில் பூசை. ஐந்து சேவல் விட வேண்டும். ஐந்தும் வெள்ளை. ஒரு கறுப்புப் புள்ளி, ஒரு சிவப்பு இறகு இருக்கக் கூடாது. இன்னொன்று, தலையில் குடுமி இருக்கக் கூடாது. சிவப்பாகச் சதையாக நிற்கிற கொண்டை எல்லாச் சேவலுக்கும் உண்டு, அதைச் சொல்லவில்லை. சில ஜாதிக் கோழிக்குத் தலை உச்சியில் இறகு குத்தாக முளைத்துக் கிரீடம் மாதிரி நிற்கும். அதுதான் குடுமி. தன் முன்னால் கிரீடம் வைத்துக்கொண்டு வருகிறவனை முனி ஏற்கமாட்டார் என்பது எங்கள் ஊர் வழக்கம். வழக்கமாகச் சேவல் கொடுத்தவர் வீட்டில் கழிச்சல் நோய் வந்து மொத்தக் கோழியும் போய்விட்டது. பூசாரி அடைக்கலம் ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருந்தார்.

ஆரிஃபாவிடம் ஒரு வெள்ளைச் சேவல் இருந்தது. பொன்மலையில் ரயில் கார்டாக இருந்த ஆங்கிலோ இந்தியர் ஒருவர் சீமைக்குக் கப்பலேறும்போது ரசூலுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. பால் மாதிரி வெள்ளை. ஆனால் தலையில் குடுமி, கண்ணையே மறைக்கும். பெட்டைகள் எல்லாம் நம் ஊர்க் கறுப்பு நாட்டுக்கோழி, தலை வழவழவென்று மொட்டையாக இருக்கும்.

“அப்பன்கிட்டேருந்து வெள்ளை, ஆத்தாகிட்டேருந்து மொட்டை. சேர்த்தா முனிக்கு வேண்டியது வந்துடும்” என்றாள். நானும் நம்பினேன். தாஜுதீனிடம் போய், ஐம்பத்தெட்டாம் வருடப் பூசைக்கு ஐந்து சேவல் தான் கொடுத்துவிட்டால் தன்னைத் தன் வீட்டிலேயே விட்டுவிட வேண்டும் என்று பேசினாள். “குடுத்துத்தான் பாரேன்” என்றார் அவர்.

குஞ்சு பொரித்தது. அத்தனையும் வெள்ளை. அத்தனைக்கும் குடுமி. அப்பனைவிடக் கொஞ்சம் சின்னக் குடுமி, அவ்வளவுதான். அதற்குள் அந்தக் கார்டு சேவலும் வயதாகிச் செத்துப்போனது.

இனி நடந்ததை நான் மறைக்கப் போவதில்லை. அந்த யோசனை என்னுடையது. “குடுமியப் புடுங்கிட்டு, மஞ்சளத் தடவிடு. பூசாரிக்குக் கண்ணு மங்கல்” என்றேன். பூசைக்கு முதல் நாள் அவள் சேவலைப் பிடித்துக்கொள்ள, நான் ஒவ்வொரு இறகாகப் பிடுங்கினேன். சேவல் கத்தினதில் தெருவே எட்டிப் பார்த்தது.

மறுநாள் பஞ்சாரக் கூடையோடு பஸ் ஏறி ஸ்ரீரங்கம், அங்கிருந்து மாட்டு வண்டி. தாஜுதீனும் கூடவே வந்தார், நேரில் பார்க்க வேண்டுமாம். பூசாரிக்குக் கண் மங்கல்தான். ஆனால் அவர் கண்ணால் பார்க்கவில்லை. சேவலின் தலையில் கட்டைவிரலை வைத்து அழுத்தித் தேய்த்தார். பிடுங்கின இறகின் முள் குத்தியிருக்கிறது.

“என்ன தங்கச்சி, முனிக்கே முடி இறக்கிக் கொண்டு வந்திருக்கியா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். ஊரே சிரித்தது. எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது.

ஆரிஃபா அழவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பூசாரிக்கு எதிரே போய் நின்றாள். “தப்பு எங்களுது. அடுத்த பூசைக்கு அஞ்சு சேவல் கொண்டு வரேன். வாங்கினது இல்லை, என் கூட்டுல பொரிச்சது. நீங்க எப்படித் தேய்ச்சாலும் சரி.”

திரும்பி வரும் வழியில் தாஜுதீன் ஸ்ரீரங்கத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, உச்சி கட்டாமல் நின்றுபோன தெற்குக் கோபுரத்தைப் பார்த்தார். அந்தக் காலத்தில் அதற்கு மொட்டைக் கோபுரம் என்றுதான் பெயர். “இத்தனை நூறு வருசமா அதுக்குத் தலை வைக்க ஆள் இல்லை. நீ மூணு வருசத்துல கோழித் தலைய மாத்தப் போறியா?” என்றார். பிறகு, “சரி. என் மானமும்தான் அங்கே போச்சு. மூணு வருசம். ஒரு சேவல் குறைஞ்சாலும் சாவி என் கையில” என்றார்.

எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பிடுங்கின சேவலில் ஒன்றை அவள் வைத்துக்கொண்டாள். குடுமி மறுபடி முளைத்தது. அதைக் கறுப்பு மொட்டைப் பெட்டைகளோடு விட்டாள். முதல் இரண்டு அடையில் பதினான்கு குஞ்சு. ஏழு மஞ்சள், ஏழு கறுப்பு. மஞ்சள் குஞ்சுதான் வளர்ந்து வெள்ளையாகும், அது கோழி வளர்க்கிற எல்லோருக்கும் தெரியும். குடுமி உள்ளதுக்குப் பிறந்த அன்றே தலையில் பஞ்சு வைத்தாற்போல் இருக்கும். பார்த்தால், மஞ்சள் ஏழுக்கும் பஞ்சு இருந்தது, கறுப்பு ஏழும் மொட்டை.

எனக்கும் எழுத்துத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. மாடத்தில் நாலு கொட்டாங்குச்சி வைத்தாள். வெள்ளையும் குடுமியும் ஒன்று. கறுப்பும் மொட்டையும் ஒன்று. வெள்ளையும் மொட்டையும் ஒன்று, கறுப்பும் குடுமியும் ஒன்று. ஒரு குஞ்சுக்கு ஒரு புளியங்கொட்டை. முதல் இரண்டு கொட்டாங்குச்சி நிறைந்துகொண்டே வந்தது. மற்ற இரண்டும் காலி.

“வெள்ளையும் குடுமியும் மாமியாரும் மகனும் மாதிரி, ஒண்ணை விட்டு ஒண்ணு வராது. விட்டுடுடி” என்றேன்.

“மகன் வேலைக்குப் போற நேரம்னு ஒண்ணு இருக்கும்ல அக்கா” என்றாள்.

மூன்றாவது அடை ஆவணியில். விடியற்காலையில் சுவரில் டப்டப்பென்று தட்டுகிறாள். போய்ப் பார்த்தால் உள்ளங்கையில் ஒரு கறுப்புக் குஞ்சு. தலையில் பஞ்சு.

“இதுக்கா இந்தக் கூத்து? முனி கேட்டது வெள்ளை மொட்டை. இது கறுப்புக் குடுமி. ரெண்டு பக்கமும் ஆகாதது.”

“அக்கா, நல்லாப் பாருங்க. குடுமி இதுகிட்ட வந்துடுச்சு. அப்போ எங்கேயோ ஒரு வெள்ளையை விட்டுட்டுத்தானே வந்திருக்கும்? அந்த வெள்ளை மொட்டையாத்தானே நிக்கணும்?”

நாலாவது கொட்டாங்குச்சியில் முதல் புளியங்கொட்டையை அவள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அவள் சொன்னபடியே வந்தது. கார்த்திகையில் ஒரு மஞ்சள் குஞ்சு, தலை வழவழ. இரண்டு பேரும் அதை ராஜா வீட்டுப் பிள்ளை மாதிரிப் பார்த்தோம். பத்தாம் நாள் பருந்து தூக்கிவிட்டது. அன்றைக்குத்தான் காவேரிக் கரையில் மீன்காரரிடம் கிழிந்த வலை வாங்கி வந்து முற்றம் முழுக்க வேய்ந்தாள். அடுத்த வருடம் இன்னொரு மொட்டை, அதுவும் சேவல். நாலு மாதம் வளர்ந்து கூவக்கூட ஆரம்பித்தது. ஐப்பசியில் வெள்ளைக் கழிச்சல் வந்தது. ஒரே வாரத்தில் இருபது கோழி. அந்தச் சேவல் அவள் மடியில் கழுத்தைத் திருப்பிக்கொண்டு செத்தது.

தாஜுதீன் கேள்விப்பட்டு வந்தார். வெறுமையாக இருந்த பஞ்சாரங்களைப் பார்த்துவிட்டு, “பெட்டியக் கட்டு ஆரிஃபா” என்றார், இந்தத் தடவை மெதுவாக.

“இன்னும் ஒன்றரை வருசம் இருக்கு மச்சான்.”

மீதிக் கோழிக்கு ஊசி போட கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து தங்கையன் என்று ஒருவர் சைக்கிளில் வந்தார். ஊசி போட்டுக்கொண்டே மாடத்தைப் பார்த்து, “இது என்னங்க கொட்டாங்குச்சி?” என்றார். ஆரிஃபா சொன்னாள். அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு மாடத்துக்குக் கிட்டே போய் எண்ண ஆரம்பித்துவிட்டார்.

“பாயம்மா, இது நாங்க பாடத்துல படிச்சது. உடம்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத நூல் இருக்கு. அப்பன்கிட்டேருந்து ஒரு நூல், ஆத்தாகிட்டேருந்து ஒரு நூல். நிறம், குடுமி, எல்லாம் அதுல மணி மாதிரி கோத்திருக்கு. ஒரே நூல்ல பக்கத்துல பக்கத்துல இருக்கிற மணி பிள்ளைக்குச் சேர்ந்தே போகும்.”

“அப்போ பிரியவே பிரியாதா?”

“பிரியும். விந்தோ கருமுட்டையோ உண்டாகும்போது அந்த ரெண்டு நூலும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு, ஒரே இடத்துல அறுந்து, மாத்தி ஒட்டிக்கும். தூரத் தூர இருக்கிற மணின்னா சுலபமாப் பிரிஞ்சிடும். பக்கத்துல இருந்தா, சரியா அது ரெண்டுக்கும் நடுவுல அறுந்தாத்தான் உண்டு. அதான் உங்களுக்கு இவ்வளவு அபூர்வமா வருது.”

ஆரிஃபா இரண்டு கொட்டாங்குச்சியைப் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்தினாள். “ரசூல் சொல்வாங்க, ஜங்ஷன்ல ரெண்டு ரெயில் பக்கத்துப் பக்கத்துத் தண்டவாளத்துல நிக்கும், இதோட பின் பெட்டிய அதுக்கும் அதோட பின் பெட்டிய இதுக்கும் மாத்தி விடுவாங்கன்னு. ஒண்ணுல வெள்ளையும் குடுமியும் அடுத்தடுத்த பெட்டி. இன்னொண்ணுல கறுப்பும் மொட்டையும். எங்கே கழட்டினாலும் அது ரெண்டும் ஒண்ணாத்தான் போகும். நடுக் கொக்கியக் கழட்டினா மட்டும் வெள்ளையோட மொட்டை போகும், கறுப்போட குடுமி போகும்.”

“அதேதாங்க!”

“அப்போ ஒரு தடவை மாட்டிட்டா?”

“மாட்டினது மாட்டினதுதான். அதுக்கப்புறம் வெள்ளையும் மொட்டையும்தான் ஜோடி. அதுங்களைப் பிரிக்கிறதுதான் கஷ்டம்” என்றார் தங்கையன். போகும்போது, “எதுக்குங்க இந்தப் பாடு? சர்க்கார் பண்ணையில வெள்ளை லெகான் ஜாதிச் சேவல் மொட்டையாவே இருக்கு, வாங்கித் தரேன்” என்றார்.

“முனி முன்னால வாயை விட்டுட்டேன் தம்பி. என் கூட்டுதுதான்.”

அறுபது தை மாதம் மூன்றாவது வெள்ளை மொட்டை பொரித்தது. வளர வளரப் பார்த்தோம். பெட்டை.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். தாஜுதீன் வந்து பார்த்துச் சிரித்தார். “முனி சேவல் கேட்டாரு. பெட்டைக்கு என்ன செய்வே, மீசை வைப்பியா?”

“இது ஆத்தா ஆகட்டும் மச்சான். ரெயில் ஆம்பளைக்கு மட்டுமா ஓடுது?”

அந்த இளம் விடைக்கோழிக்குப் பீங்கான் என்று பெயர் வைத்தாள். அதுவரை கொட்டாங்குச்சியில் அறுபத்திரண்டு கொட்டை. வெள்ளைக் குடுமி இருபத்தேழு, கறுப்பு மொட்டை இருபத்தெட்டு, கறுப்புக் குடுமி நாலு, வெள்ளை மொட்டை மூன்று. அந்த மூன்றில் உயிரோடு இருந்தது பீங்கான் ஒன்றுதான். இரவில் அது பஞ்சாரத்தில் தூங்கவில்லை, ஆரிஃபாவின் கட்டில் காலடியில் தூங்கியது.

குடுமி உள்ள சேவல் எதையும் கிட்டே விடவில்லை. ஒரு கறுப்பு மொட்டைச் சேவலோடு மட்டும் பீங்கானை விட்டாள். ஆடியில் முட்டையிட ஆரம்பித்தது. பீங்கானை அடை உட்கார விட்டால் முட்டை நின்றுவிடும் என்று ஒவ்வொரு முட்டையையும் எடுத்துக் கறுப்புப் பெட்டைகளுக்கு அடியில் வைத்தாள். ஒரு பெட்டை நடுவில் எழுந்து போய்விட்டது. அந்த அடையை என் வீட்டுக் கோழிக்கு மாற்றினோம். நான் இரண்டு நாள் வாசல் கதவைத் திறக்கவில்லை, கோழி பயந்து எழுந்துவிடுமே என்று.

ஐப்பசிக்குள் மொத்தம் இருபத்தாறு குஞ்சு. பதின்மூன்று கறுப்பு, பதின்மூன்று மஞ்சள். ஒவ்வொன்றாக எடுத்து எடுத்து அவள் தலையைத் தடவினாள். நானும் தடவினேன். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து. பதின்மூன்று மஞ்சளும் மொட்டை! கறுப்பும் மொட்டை. ஒரு பஞ்சு கிடையாது.

“கொக்கி மாட்டிடுச்சு அக்கா!” என்று முற்றத்தில் உட்கார்ந்து சிரித்தாள். ரசூல் போன பிறகு அவள் பல் தெரியச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

பதின்மூன்றில் ஏழு சேவல். மாசியில் இறகு முழுதாக வந்தபோது ஒன்றின் வாலில் கறுப்புப் புள்ளி. பங்குனியில் இன்னொன்றின் இறக்கையில். ஆத்தா, அப்பன் இரண்டில் ஒன்று கறுப்பானால் அப்படித் தெறிக்கும் என்றார் தங்கையன். மிச்சம் ஐந்து. கூட ஒன்று இல்லை, குறைய ஒன்று இல்லை. அந்த ஒரு மாதம் நாங்கள் சோறு தின்றோமோ என்னவோ, வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

அறுபத்தொன்று சித்திரை. அதே பஸ், அதே மாட்டு வண்டி, அதே தாஜுதீன். கொள்ளிடப் பாலத்தில் காற்று அடித்ததற்கு அவரே தன் துண்டை எடுத்துப் பஞ்சாரத்தின் மேல் போர்த்தினார். நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு, “ஜன்னி கண்டா என்னைச் சொல்லக் கூடாதுல்ல” என்றார்.

கோயிலில் கூட்டம். மூன்று வருடத்துக்கு முன்னால் சிரித்தவர்கள் எல்லோரும் முன்வரிசையில் நின்றார்கள், மறுபடி சிரிக்கலாம் என்று. அடைக்கலம் பூசாரிக்கு இப்போது கண் சுத்தமாகத் தெரியாது. கையை நீட்டினார். ஆரிஃபா முதல் சேவலைக் கொடுத்தாள்.

கட்டைவிரலால் தேய்த்தார். பிறகு விரல் நகத்தால் சுரண்டினார். இறகைப் பிரித்துத் தோலைத் தொட்டார். பக்கத்தில் நின்ற தன் மகளிடம், “புள்ளி இருக்கா பாரு” என்றார். இல்லை என்றாள். இரண்டாவது. மூன்றாவது. நாலாவதை மூன்று தடவை தேய்த்தார். ஐந்தாவது அவர் தேய்த்த தேய்ப்பில் கடுப்பாகி அவர் விரலைக் கொத்தியது.

பூசாரி விரலை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். “இது முனிக்குப் புடிச்ச சேவல்தான். பாயம்மா, அஞ்சும் சுத்தம்!”

பம்பை அடித்தது. பெண்கள் குலவை போட்டார்கள், நானும் போட்டேன், தொண்டை கட்டுகிற மட்டும் போட்டேன். முன்வரிசையில் நின்ற ஒருத்தி, “எங்கேருந்துடி புடிச்சீங்க இந்த ஜாதிய?” என்று கேட்டாள்.

“புடிக்கல. பொரிச்சோம்” என்றேன் நான். ஆரிஃபா சொல்லட்டும் என்று விட்டிருக்கலாம். எனக்குப் பொறுக்கவில்லை.

திரும்பும் வழியில் வெறும் பஞ்சாரத்தைத் தாஜுதீன் தன் தோளில் போட்டுக்கொண்டார். காஜாப்பேட்டை வந்து வாசலில் நின்றதும் ஆரிஃபா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, கதவைத் திறந்து, மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“பெரிய மச்சான், பெட்டி கட்டணுமா?”

அவர் முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். பீங்கானும் அதன் வெள்ளை மகள்கள் ஆறு பேரும், கறுப்புகளும், புள்ளிக்காரர்கள் இரண்டு பேரும் கால் வைக்க இடம் இல்லாமல் நின்றார்கள்.

“கட்டணும்” என்றார். “இன்னொரு கூண்டு கட்டணும். இவ்வளவு நெருக்கத்துல மறுபடியும் கழிச்சல் வந்துடும். சுத்தியல் எங்கே இருக்கு?”

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பலகை அறைய ஆரம்பித்தார். ஆரிஃபா மாடத்திலிருந்த நாலு கொட்டாங்குச்சியையும் எடுத்து, வெள்ளை மொட்டைக்கு வைத்த ஒன்றைத் தவிர மற்ற மூன்றையும் அடுப்பில் போட்டு, அவருக்கு டீ வைத்தாள்.